தும்மலை அறிந்த கருவி

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. டிஸ்க் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் இடது காலில் இறங்கும் எரிச்சல் அடங்கவில்லை என்றும், தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி பொருத்திப் பார்க்கலாமா என்று மருத்துவர் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தாய். எனக்குப் பழைய வகைக் கருவி ஆறு ஆண்டுகள் இருந்தது. அதன் பேட்டரி ஓய்ந்ததும் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் புதிய வகையை இங்கே சிட்னியில் பொருத்திக்கொண்டு பதினான்கு மாதங்கள் ஆகின்றன.

தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால் தண்டுவடத்தில் வலி நுழையும் கதவு சாத்திக்கொள்ளும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் அனிச்சையாகத் தேய்ப்பதும் இதனால்தான். 1967இல் நார்மன் ஷீலி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தண்டுவடத்தின் மேல் மின்முனையை வைத்தே பார்த்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், தண்டுவடம் அசையாமல் இருப்பதில்லை. அது முதுகெலும்புக்குள் இருக்கும் நீரில் மிதக்கிறது. மல்லாந்து படுத்தாலும், இருமினாலும், மின்முனைக்கு நெருங்கி வருகிறது. கருவி அனுப்புவதோ எப்போதும் ஒரே அளவு மின்சாரம். பழைய கருவியோடு நான் தும்மிய ஒவ்வொரு முறையும் இரு கால்களிலும் சுரீரென்று அடித்தது. அதற்குப் பயந்து மின்சாரத்தைக் குறைத்து வைத்தேன், குறைத்ததும் வலி திரும்பியது. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே தூங்கினேன் என்றால் பார்த்துக்கொள்.

புதிய கருவி, ஒவ்வொரு மின்துடிப்பையும் அனுப்பியதும் நரம்பிழைகள் ஒன்றாகச் சேர்ந்து எழுப்பும் பதிலைக் கேட்கிறது. மைக்ரோவோல்ட் கணக்கில் அளக்க வேண்டிய அந்தச் சிறு பதில் கூடினால் அடுத்த துடிப்பைத் தணிக்கிறது, குறைந்தால் உயர்த்துகிறது. நொடிக்கு ஐம்பது துடிப்பு என்றால் நாளுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முறை இந்தக் கணக்கு நடக்கிறது. இதை உருவாக்கிய சலூடா நிறுவனம் சிட்னியில் தொடங்கப்பட்டது. நிறுவிய ஜான் பார்க்கர் முன்பு கோக்லியர் நிறுவனத்தில் செவிக்குள் பொருத்தும் கருவிகளில் வேலை செய்தவர். பொருத்திய மறுவாரம் தொழில்நுட்பர் திரையில் அலை வடிவத்தைக் காட்டி என்னை இருமச் சொன்னார். அலை ஒரு கணம் எழும்பியது; உடனே மின்சாரக் கோடு கீழே இறங்கியது; காலில் ஒன்றும் தெரியவில்லை. வேண்டுமென்றே இன்னும் இரண்டு முறை இருமினேன்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதே. அந்த நிறுவனமே செலவிட்டு நடத்தி 2020இல் வெளியான ஆய்வில் 134 பேர் பங்கேற்றார்கள்; மூன்றாம் மாதத்தில் வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் புதிய முறையில் 82 விழுக்காடு, அதே கருவியைப் பழைய முறையில் இயக்கியபோது 60 விழுக்காடு. வித்தியாசம் உண்மையானது; ஆனால் கருவியே இல்லாதவர்களோடு அங்கே ஒப்பீடு இல்லை என்பதையும் கவனி. 2023இல் சிட்னி ஆய்வாளர்கள் முன்னின்று செய்த காக்ரேன் மீளாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை) 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, கீழ்முதுகு வலிக்கு மின்தூண்டலால் நீடித்த பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. அது பெரும்பாலும் பழைய கருவிகளைப் பற்றியது என்று என் மருத்துவர் சமாதானம் சொன்னார். எனக்கு அது பாதிதான் திருப்தி. என் கால் எரிச்சல் வெகுவாகக் குறைந்தது, முதுகு வலி அவ்வளவு குறையவில்லை. சார்ஜ் ஏற்றும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருப்பதும் எரிச்சல்தான், வேறு வகை எரிச்சல்.

நிரந்தரமாகப் பொருத்துமுன் கம்பியை மட்டும் உள்ளே செலுத்தி, கருவியை வெளியே இடுப்பில் ஒட்டி, ஒரு வாரம் போல சோதித்துப் பார்ப்பார்கள். அந்த வாரத்தில் நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருக்காதே. மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நட, பேருந்தில் போ, மல்லாந்து படு. தினமும் இரவு வலியின் அளவைக் காலுக்குத் தனியாக, முதுகுக்குத் தனியாக எழுதிவை. அவர் சொல்லும் கருவி பதிலைக் கேட்கும் வகையா, ஒரே அளவில் அனுப்பும் வகையா என்று முதலிலேயே கேட்டுவிடு. நாள் குறித்ததும் எழுது. அந்த வாரம் தினமும் இரவு நானே கூப்பிடுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்