அடுத்த டெஸ்ட் உன்னுடையது

அன்புள்ள கண்ணு,

போனில் என்றால் "பாக்கலாங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமாகி 3 வருஷம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. உன் வீட்டுக்காரி அம்மிணிக்கு ரத்தம் பார்த்தாயிற்று, ஸ்கேன் ஆயிற்று, கருக்குழாயில் மருந்து ஏற்றிப் படமும் எடுத்தாயிற்று. அன்றைக்கு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாளாம். அதிலும் குறையில்லை என்று வந்த பிறகு, குழந்தை வரத்துக்குத் திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் நெய் வாங்கி வரலாம் என்கிறாள் உன் அம்மா. போகட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் டாக்டர் உன்னையும் வரச் சொன்னாரே, ஏன் போகவில்லை? இது நியாயமில்லை சாமி. குழந்தை தள்ளிப்போகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறதாம். உன் டெஸ்டுக்கு ஊசிகூடக் கிடையாது. 2 முதல் 7 நாள் சேராமல் இருந்து, டப்பாவில் விந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நின்று வேலை செய்தால் இடது பக்கம் கனமாக இழுக்கிறது என்று மச்சானிடம் சொன்னாயாம். ஈரோட்டில் எனக்குப் பிராஸ்டேட் பார்க்கிற யூராலஜி டாக்டரிடம் விசாரித்தேன். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் அப்படி இழுக்குமாம், வெரிகோசில் என்றார். 100 ஆண்களில் 15 பேருக்கு இருக்கிறதாம். பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், தேவைப்பட்டால் சின்ன ஆபரேஷன். விதை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளுமையாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உண்டாகும். நீயோ துணி காயவைக்கிற ஸ்டென்டர் மெஷின் அனலில் ஷிப்ட் ஷிப்டாக நிற்கிறாய். அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லு. விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் பிடிக்கும் என்பதால், வைத்தியம் செய்தாலும் உடனே தெரியாது. நாள் கடத்தாதே.

லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரிடம் மட்டும் போய்விடாதே. ஆண்மைக்கு என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், உள்ள விந்தணுவும் குறைந்துபோகும். அப்புறம், எண்ணிக்கை குறைவு என்று வந்தாலும் அது ஆண்மைக் குறைவு அல்ல. இரண்டும் வேறு வேறு. இதைத்தான் நீ பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன்.

திருப்பூரில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் கோயமுத்தூர் போகலாம். நானும் வருகிறேன், வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். எந்த நாள் லீவு என்று சொல்லு. அம்மிணியிடம் இன்றைக்கே சொல்லிவிடு, அடுத்த டெஸ்ட் உனக்குத்தான் என்று.

இப்படிக்கு,
அப்பா