காலி மனைக்கு வரி வாங்கும் நகராட்சி ஆணையர் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் வீட்டு மதிலை ஒட்டிக் கிடக்கும் காலி மனையைப் பற்றி ஏற்கெனவே நான்கு மனு கொடுத்திருக்கிறேன். நான்குக்கும் ரசீது இருக்கிறது. அதனால் பழைய கதை வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலை பத்து மணிக்கு டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். நேராக அடுக்களைக்குப் போய், பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டில் டார்ச் அடித்தார்கள். புழு நெளிந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன், தட்டைக் கழுவாதது என் தப்புத்தான். மேற்பார்வையாளர் வந்து 500 ரூபாய் அபராதம் போட்டார், கட்டிவிட்டேன்.

கட்டிய கையோடு அவர்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்து மனையைக் காட்டினேன். குடித்துவிட்டுப் போட்ட இளநீர்க் கூடுகள், டீ கப்புகள், இரண்டு லாரி டயர், யாரோ குளியலறையை இடித்துக் கொட்டிய ஓட்டுச் சில்லுகள், உடைந்த வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று. அத்தனையிலும் ஞாயிற்றுக்கிழமை பெய்த மழைத் தண்ணீர்.

“அது பிரைவேட் இடம்க்கா. ஓனர் பெர்மிஷன் இல்லாம நாங்க இறங்க முடியாது” என்றார் வந்த இருவரில் ஒரு பெண்.

என் அடுக்களை மட்டும் சத்திரமா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். தினக்கூலிக்கு வெயிலில் அலையும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை அது. தங்களிடம் கேட்கிறேன்.

அலுவலகத்துக்கு வந்தால், “ஓனர் யாருன்னு தெரியலைம்மா, வெளியூர்ல இருக்காராம்” என்கிறார்கள். ஐயா, அந்த மனைக்குக் காலிமனை வரி உண்டா இல்லையா? உண்டென்றால் அது யார் பெயரில் விழுகிறது? வரிக் கேட்பு போய்ச் சேரும் முகவரிக்கு ஒரு நோட்டீஸ் மட்டும் போய்ச் சேராதா? வரியே விழவில்லை என்றால் அது வேறு வழக்கு, அதையும் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

நான் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுங்கள். அவர் சுத்தம் செய்யாவிட்டால் நகராட்சியே செய்து, செலவை அவரிடம் வசூலியுங்கள். 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்திலேயே இதற்கு வழியிருக்கிறது. என் மாமியாருக்கு வயது 81. அவர் பிறக்கும் முன்பே வந்த சட்டம்.

மாமியாரைச் சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தையின் அறைக்கு ஒரே சன்னல், அந்த மனையைப் பார்த்த சன்னல். அவருக்கு இளைப்பு உண்டு. அந்திக்கு ஆறு ஆறரை ஆனால் மனையில் யாராவது தீ வைத்துவிடுவார்கள். யார் என்று எழுதினால் தங்கள் துறைக்கே சங்கடம், விடுங்கள். பிளாஸ்டிக்கும் பாப்பாவுக்குக் கட்டும் டயப்பரும் சேர்ந்து எரியும் புகை நெடுநேரம் தாழ்வாகவே நிற்கும். சன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய புடவையைக் கிழித்துத் திணித்து, மேலே டேப் ஒட்டியிருக்கிறோம். ஐப்பசியிலிருந்து திறக்கவில்லை. அத்தை காலையில் எழுந்ததும் என்னிடம் கேட்பது காபி இல்லை. “மழை வருதா, வெயிலாம்மா?” என்றுதான் கேட்கிறார்.

நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணின் தாயார், தைத்து வைத்த பட்டு பிளவுஸை மூக்கருகே கொண்டுபோய்விட்டு ஒன்றும் பேசாமல் பையில் போட்டுக்கொண்டார். தையலில் குறை சொல்லியிருந்தால் பிரித்துத் தைத்துக் கொடுத்திருப்பேன்.

குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. இந்த ஊரில் யாரிடமாவது வசூலித்திருந்தால் அந்த ரசீதை ஒருமுறை கண்ணால் பார்க்க ஆசை. பிரிட்ஜ் தட்டுக்கு 500 ரூபாய் ரசீது என்னிடம் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

தெருமுனையில் இருந்த தொட்டியை எடுத்துவிட்டு, ‘தொட்டியில்லா நகரம்’ என்றீர்கள். நல்லது. ஊரே தொட்டியாகிவிட்டதால் தனியாக ஒன்று தேவையில்லைதான். குப்பை வண்டி பதினொரு மணிக்கு வருகிறது. வேலைக்குப் போகிறவர்கள் எட்டரைக்கே வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அவர்கள் பை ராத்திரி ஸ்கூட்டரின் முன்பக்கம் உட்கார்ந்து வந்து, வண்டி நிற்காமலே இந்த மனைக்குள் பறக்கிறது. இதைத் தடுக்கத் தங்கள் ஆட்கள் மனை முன்னால் கோலம் போட்டு, பூந்தொட்டி வைத்து, ‘எனது குப்பை எனது பொறுப்பு’ என்று சுவரிலும் எழுதினார்கள். பத்தாம் நாள் பூந்தொட்டியும் குப்பையோடு சேர்ந்தது. என் குப்பைக்கு நான் பொறுப்பு, சம்மதம். மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரித்துத்தான் போடுகிறேன். சொத்துவரியோடு திடக்கழிவுக் கட்டணமும் கட்டுகிறேன். அந்த வெளியூர் ஓனரின் மனைக்கு யார் பொறுப்பு? கையுறைகூட இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் அள்ளிப்போகும் அந்த ஒப்பந்தத் தொழிலாளியா?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

தயவுசெய்து அந்த மனையின் உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். கெடு கொடுங்கள். கெடு தாண்டினால் சுத்தம் செய்து, வேலி போட்டு, செலவை அவர் கணக்கில் ஏற்றுங்கள். கட்டிய 500 ரூபாயை நான் திருப்பிக் கேட்கவில்லை.

அதிகாரிகள் யாராவது பார்வையிட வருவதானால் காலையில் வர வேண்டாம். மாலை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள். அத்தை அறையிலேயே நாற்காலி போடுகிறேன், சன்னலில் ஒட்டிய டேப்பையும் அவர்களே பிரித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
காலி மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரி