கிரிஃபித்தின் கரும்புக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஆஸ்திரேலியக் கூட்டாட்சிக் கட்டுரையைப் படித்தேன். சாமுவேல் கிரிஃபித்துக்கு அதில் கிடைத்த புகழ் நியாயமானதுதான். வேல்ஸில் பிறந்து, சிறுவனாகக் குடியேறி, வக்கீலாகப் பேர் வாங்கி, இரண்டு முறை குவீன்ஸ்லாந்துக் காலனியின் பிரீமியராக, அதாவது முதலமைச்சராக, இருந்தவர். 1891 ஈஸ்டர் சமயத்தில் லூசிண்டா என்ற அரசாங்கக் கப்பலில் உட்கார்ந்து அரசியலமைப்பு வரைவைச் செதுக்கியதில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. 1903இல் நாட்டின் முதல் தலைமை நீதிபதி. எல்லாம் சரி, குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டத்துப் பக்கம் கட்டுரையாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லையே?

அங்கே கரும்பு வெட்டியவர்கள் பசிபிக் தீவுக்காரர்கள். ஒப்பந்தம் மூன்று வருஷம். 1884இல் நியூகினி பக்கத்துத் தீவுகளுக்கு ஆள்பிடிக்கப் போன 'ஹோப்ஃபுல்' கப்பலின் ஆட்கள் கொலைவரை போனார்கள். மறு வருஷம் கிரிஃபித் அரசு விசாரணைக் குழு அமைத்தது. தீவுக்காரர்களே வந்து சாட்சி சொன்னார்கள். சில மாதங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்று நம்பிக் கப்பலேறியவர்கள் பலர். நானூறு பேருக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1890க்குப் பிறகு ஆள் கொண்டுவரவே உரிமம் கிடையாது என்று சட்டமும் வந்தது. இதற்கு அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அப்புறம் நடந்ததுதான் கதை. 1892 பிப்ரவரியில் அதே கிரிஃபித், சர்க்கரைத் தொழில் நொடித்துப்போகிறது என்று அறிக்கை விட்டுத் தன் சட்டத்தைத் தானே கவிழ்த்தார். முன்னாள் பிரீமியரான பழைய எதிரி மெக்கில்ரெய்த்தோடு அப்போது கூட்டணி மந்திரிசபை வேறு! தோட்ட முதலாளிகளுக்குக் கொண்டாட்டம். கடைசியில் அந்த ஆள்பிடிப்பை நிறுத்தியது 1901இல் கூட்டாட்சிப் பாராளுமன்றம் போட்ட சட்டம். அதுவும் தீவுக்காரர்கள் மேல் இரக்கப்பட்டு அல்ல, வெள்ளையர் நாடு வேண்டும் என்று. அவர்களில் பெரும்பாலோரை நாடுகடத்தியதும் அதே சட்டம்தான்.

கிரிஃபித்தும் அந்த எண்ணத்துக்கு வெளியே நின்றவரல்ல. எந்த இனத்தாருக்கும் தனிச் சட்டம் போடலாம் என்ற பிரிவு அவர் வரைவில் இருந்தது. 1891 அரசியலமைப்பு மாநாட்டில் அதற்கு விளக்கம் சொன்னபோது, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வரும் கூலிகளை முக்கியமாக மனதில் வைத்தே அதைச் சேர்த்ததாகச் சொன்னார். நம் ஆட்களைத்தான்! 1967இல் அப்பிரிவிலிருந்து சில சொற்களை நீக்கினார்களே தவிர, பிரிவு இன்றும் இருக்கிறது. பிரிஸ்பேனில் அவர் பெயரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்காவது இது தெரிய வேண்டாமா?

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால், அந்த 1892 அறிக்கையிலிருந்து தொடங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்