பத்தொன்பதாம் நம்பர் சட்டை

மினியாபொலிஸ்,
8-1-2017

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். நீங்களும் அத்தையும் சின்னவனும் நலம்தானே? அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டால் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். நீங்களாவது விவரமாக எழுதுங்கள்.

அம்மா காட்டிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "மருமகன் தலையில் கொம்பு வைத்துக்கொண்டு அங்கே என்ன கூத்துக் கட்டுகிறான்?" என்று கேட்டீர்களாம். கூத்தேதான் மாமா. அந்தத் தொப்பி என்கூட வேலை பார்ப்பவருடையது, என் தலையில் கவிழ்த்துப் படம் எடுத்துவிட்டார். இந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு வைக்கிங்ஸ் என்று பெயர். முன்னொரு காலத்தில் ஸ்வீடனிலிருந்தும் நார்வேயிலிருந்தும் இந்த மாநிலத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய பாட்டன் முப்பாட்டனான வைக்கிங் கடலோடிகள் நினைவாக அந்தப் பெயர். போன வருஷம் திறந்த புது ஸ்டேடியத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் எழுந்து நின்று, தலைக்கு மேலே கையைத் தட்டி "ஸ்கோல்" என்று கத்துகிறார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு நம் ஊர்ச் சப்பரம் கிளம்புகிற சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

குளிரைப் பற்றி எழுதினால் அத்தை கவலைப்படுவாள். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஈரம் உறைகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நகரத்தின் நடுவில் கட்டடத்துக்குக் கட்டடம் இரண்டாவது மாடியில் கண்ணாடிப் பாலம் போட்டு இணைத்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே நடந்து ஆபீஸ், சாப்பாடு, பேங்க் எல்லாம் முடித்துவிடலாம். மேப்பிள் குரோவில் பெரிய கோயில் இருக்கிறது. போன மாதம் போனேன். புளியோதரை நன்றாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டு விடுதித் தேர்வில் சின்னவன் பெயர் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம், ஹாக்கி மட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டானாம். அதைப் படித்ததிலிருந்து அவனுக்கு ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று இருக்கிறது. நான் இங்கே வந்த புதிதில் என் கண்ணெதிரே ஆடியவர். பெயர் ஆடம் தீலன், சட்டை நம்பர் 19.

முதலில் உங்களுக்கு ஆட்டம் புரியவேண்டும். மைதானம் கோல் கோட்டுக்குக் கோல் கோடு நம் ஹாக்கி மைதானத்தின் நீளமேதான், 100 கெஜம். அகலம் கொஞ்சம் குறைவு. பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேறவேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி, இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. மூன்று முயற்சியிலும் முடியவில்லை என்றால், நாலாவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிராளியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த உதைக்குப் பண்ட் என்று பெயர். காலுக்கு வேலை இப்படிச் சில உதைகளோடு சரி. அப்புறம் இதற்கு ஏன் ஃபுட்பால் என்று பேர் என்று கேட்டால் இங்கே சண்டைக்கு வருகிறார்கள், விட்டுவிட்டேன்.

தீலன் வைட் ரிசீவர். நம் ஹாக்கியில் விங்கில் ஆடுகிற பையன் மாதிரி ஓரத்தில் நிற்பவர். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிக்கொண்டே பிடிக்கவேண்டும். கண்டபடி ஓடக்கூடாது. எத்தனை எட்டு நேராகப் போவது, எந்த எட்டில் காலை ஊன்றித் திரும்புவது எல்லாம் முன்கூட்டியே வகுத்தது. எறிகிறவர் கையைவிட்டுப் பந்து கிளம்பும்போது பிடிக்கிறவர் பல நேரம் இன்னும் திரும்பிக்கூட இருக்கமாட்டார். "பந்தைப் பார்த்து ஓடாதே, பந்து வரப்போகிற இடத்துக்கு ஓடு" என்று நீங்கள் விசில் ஊதிக் கத்துவீர்களே, அதேதான்.

இவர் பிறந்தது டெட்ராய்ட் லேக்ஸ். கார் தயாரிக்கிற டெட்ராய்ட் இல்லை. இதே மாநிலத்தில் வடமேற்கே இருக்கிற சின்ன ஏரிக்கரை ஊர், ஒன்பதாயிரம் பேர் இருந்தால் அதிகம். பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால், கூடைப்பந்து, பேஸ்பால், கோல்ஃப் நான்கும் ஆடினார். பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. மேன்கேட்டோ என்ற ஊரில் இருக்கிற மாநிலப் பல்கலைக்கழகம் கடைசி நேரத்தில் உதவித்தொகை கொடுத்தது. எவ்வளவு தெரியுமா? 500 டாலர். இங்கே பாடப்புத்தகம் வாங்கவே பத்தாது.

கல்லூரி முடிந்தபின் பெரிய அணிகள் ஆள் எடுப்பது நம் ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. 32 அணிகளும் வரிசையாக ஏழு சுற்று பெயர் சொல்லும். 2013இல் மொத்தம் 254 பெயர் சொன்னார்கள். இவர் பெயர் அதில் இல்லை. அந்த வருஷம் வைக்கிங்ஸுக்கு வைட் ரிசீவர் வேண்டியிருந்தது. கார்டரெல் பேட்டர்சன் என்பவரை முதல் சுற்றிலேயே பிடிப்பதற்காகத் தங்களுடைய நான்கு வாய்ப்புகளை இன்னொரு அணிக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதே நேரத்தில் இந்த ஊர்ப்பக்கத்துப் பையன் தீலன் தன் கைக்காசைக் கட்டி, பெயர் வராதவர்களுக்கென்று சிகாகோவில் நடந்த தேர்வுக்குப் போனார். அங்கே தேறி அடுத்த கட்டத் தேர்வுக்கு டல்லாஸுக்கு. 40 கெஜத்தை நாலரை வினாடிக்குள் ஓடியிருக்கிறார். அப்புறம்தான் வைக்கிங்ஸ், "வந்து இரண்டு மூன்று நாள் ஆடிக் காட்டு" என்றது. இதெல்லாம் நடக்காவிட்டால் பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கிற வேலைக்குப் போவதாக இருந்தாராம்.

சேர்த்துக்கொண்டார்கள். உடனே ஆடவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கோடைப் பயிற்சிக்கு 90 பேர், சீசன் தொடங்கும்போது 53 பேர். இவரை வெளியே அனுப்பி, மறுபடி கூப்பிட்டு, பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் எட்டுப் பேரில் ஒருவராகப் போட்டார்கள். வாரம் முழுக்கப் பயிற்சியில் அடி வாங்கவேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இறங்கமுடியாது. 2013இல் அவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 6000 டாலர். "அடேயப்பா!" என்று சொல்வீர்கள், தெரியும். ஆனால் சீசன் நடக்கும் நாலு மாதம்தான் அந்தக் காசு, எந்தச் செவ்வாய்க்கிழமையும் வீட்டுக்கு அனுப்பலாம். வேடிக்கை என்னவென்றால், வைக்கிங்ஸின் கோடைப் பயிற்சி 1966இலிருந்து நடந்துவந்தது மேன்கேட்டோவில், இவர் படித்த அதே வளாகத்தில். படித்து முடித்த இடத்திலேயே போய், வேலை நிலைக்குமா என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் இங்கே வந்தது 2014 அக்டோபர். நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை. யாரோ வரவில்லை என்று ஆபீஸில் ஒரு டிக்கெட் மிஞ்சி என் கைக்கு வந்தது. அப்போது பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, கூரை இல்லாத பல்கலைக்கழக மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று ஸ்வெட்டர், இரண்டு ஜோடி சாக்ஸ், அப்படியும் பல் தந்தியடித்தது. ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் எழுந்தால் எழுந்தேன். கரோலினா அணி பண்ட் உதைக்க நின்றது. வைக்கிங்ஸின் ஊதாச் சட்டையில் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தார். உதைத்த பந்து அவர்மேல் பட்டுத் தெறித்தது. அதைத் தானே எடுத்துக்கொண்டு 30 கெஜம் ஓடி எதிராளியின் கோல் கோட்டைத் தாண்டிவிட்டார். இங்கே கோல் மாதிரி அதுதான், டச்டவுன் என்பார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், முன்பின் தெரியாதவர், என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கிவிட்டார். நம்பர் 19. அன்று 31-13 என்று ஜெயித்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள் மாமா. அவர் ரிசீவர். பந்து பிடித்துப் பேர் வாங்கவில்லை, உதையைத் தடுத்துப் பேர் வாங்கினார். பண்ட் உதைக்கும்போதும் தடுக்கும்போதும் இறங்கும் ஆட்களுக்கு ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். பெயரில்தான் ஸ்பெஷல். முழு வேகத்தில் ஓடிப்போய் மோதுகிற வேலை, பெரிய ஆட்டக்காரர்கள் பக்கத்திலேயே வரமாட்டார்கள். 2014 முழுவதும் இவர் பிடித்த பந்து எட்டு. 2015இல் பன்னிரண்டு. இரண்டு வருஷத்துக்கு இருபது பந்து! மிச்ச நேரமெல்லாம் அந்த மோதல் வேலைதான்.

அந்த 2015இல்தான் என் புராஜெக்ட் முடிந்து இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை, அம்மாவுக்கும் தெரியாது. விசா கையில் இருக்க வேலை இல்லாமல் இருப்பது ஒரு மாதிரி வயிற்றைக் கலக்கும். அப்புறம் யாரும் வேண்டாமென்ற ராத்திரி சப்போர்ட் வேலை வந்தது, எடுத்துக்கொண்டேன். விடிகாலை நாலு மணிக்கு சர்வரைப் பார்த்துக்கொண்டே இவரைப் பற்றி வந்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

இந்த சீசனில் கதவு திறந்தது. ஆகஸ்ட் கடைசியில் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டருக்குப் பயிற்சியிலேயே முழங்கால் போய்விட்டது. அவசர அவசரமாக சாம் பிராட்ஃபோர்டைக் கொண்டுவந்தார்கள். பிராட்ஃபோர்டுக்கு, சொன்ன இடத்தில் சொன்ன நொடியில் நிற்கிற ஆள் தேவைப்பட்டது. தீலன் நின்றார். டிசம்பர் 24 அன்று ஜென்மப் பகை கிரீன் பே அணியோடு, அவர்கள் ஊரிலேயே ஆட்டம். 12 பந்து பிடித்து 202 கெஜம், இரண்டு டச்டவுன். ஆட்டம் என்னவோ 38-25 தோல்வி, அது வேறு கதை. சீசன் போன வாரம் முடிந்தபோது கணக்கு 69 பந்து, 967 கெஜம். கெஜக் கணக்கில் அணியிலேயே அதுதான் அதிகம். ஆயிரத்துக்கு 33 குறைவு என்று நான் ராத்திரி தூங்கவில்லை, அவர் தூங்கியிருப்பார். இந்த சீசனுக்கும் முதல் சுற்றில் ஒரு வைட் ரிசீவரை எடுத்தார்கள், லக்வான் ட்ரெட்வெல். அவர் சீசன் முழுவதும் பிடித்தது ஒரே ஒரு பந்து.

இங்கே இதைத் தேவதைக் கதை மாதிரி சொல்கிறார்கள், 'நம்ம ஊர்ப் பையன் உழைத்து ஜெயித்தான்' என்று. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அதே சிகாகோவில் காசு கட்டி ஓடிய மற்றவர்களும் உழைத்திருப்பார்கள். டெடியின் முழங்கால் நன்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவர் செய்தது, மூன்று வருஷம் வீட்டுக்கு அனுப்பமுடியாதபடி ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கதவு திறந்தபோது ஆள் உள்ளே இருந்தார். சின்னவனிடம் இதைப் பூசி மெழுகாமல் அப்படியே சொல்லுங்கள். அவனுக்குப் பதினாலு வயது, தேவதைக் கதையெல்லாம் நம்பமாட்டான். பெனால்டி கார்னருக்கு முதல் ஆளாகக் கோலிலிருந்து பாய்ந்து ஓடுகிற வேலைக்கு நம் ஊர் டீமில் ஆள் கிடைக்காமல் நீங்கள் திட்டிக்கொண்டிருப்பீர்களே, இப்போது யார் ஓடுகிறார்கள்?

இந்தக் கடிதத்தை மதுரைக்கு வருகிற நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். பொங்கல் கழித்து வீட்டுக்கே வந்து தருவார். கூட ஒரு பொட்டலம் இருக்கும். அத்தைக்கு முழங்காலில் போடுகிற உறை, உங்களுக்கு ஒரு விசில், சின்னவனுக்கு ஊதாச் சட்டை, நம்பர் 19. அவன் அளவு கடையில் இல்லை, இரண்டு அளவு பெரிதாகத்தான் கிடைத்தது. தோளில் மட்டும் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், கீழே மடித்து விட்டால் போதும். வெட்டவேண்டாம், வளருவான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்