பாட்டு ஹிட்டாவதற்கு முன்பே பங்கை எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லைப் பக்கம் பாண்டு அமைத்துச் சொந்தப் பாட்டு வெளியிடும் இளைஞர்களைப் பற்றி நாளிதழ்களில் செய்தி வருவது எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்தச் செய்திகள் பெரும்பாலும் 'இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. அந்தப் பாட்டால் யாருக்கு என்ன வந்தது, வராமல் போயிருந்தால் எதனால் போனது என்று யாரும் எழுதக் காணோம். கிதார், டிரம்ஸோடு உறுமியையும் வில்லுப்பாட்டு வில்லையும் சேர்த்துக்கொண்டு துணிச்சலாகப் பாட்டுப் போடும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு பாட்டில் உரிமை இரண்டு உண்டு. வரியும் மெட்டும் ஒன்று. அவற்றை ஸ்டுடியோவில் பாடி வாசித்துப் பிடித்த ஒலிப்பதிவு இன்னொன்று. வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் முதலாவது சொந்தம். பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்ற தயாரிப்பாளருக்கு இரண்டாவது. ஆறு ஒன்றுதான், ஆனால் திருநெல்வேலிக் கால்வாய்க்குச் சுத்தமல்லியிலும் பாளையங்கால்வாய்க்குப் பழவூரிலும் தனித்தனியாகத்தான் தண்ணீர் திறக்க வேண்டும். பாட்டுப் பணமும் அப்படியே. நம் பிள்ளைகளில் பலர் ஒரு மடையை மட்டும் திறந்துவிட்டு, மற்றது ஏன் காய்ந்து கிடக்கிறது என்று கேட்கிறார்கள்.

இது தெரியாமல் போனால் எவ்வளவு பெரிய குழுவும் அடிபடும். இங்கிலாந்தின் தி வெர்வ் குழு 1997இல் வெளியிட்ட 'பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி' அந்நாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ரோலிங் ஸ்டோன்ஸின் பழைய பாட்டொன்றை ஆர்கெஸ்ட்ரா வாசித்த பதிவிலிருந்து ஒரு துண்டை அதில் எடுத்திருந்தார்கள். துண்டு எடுத்த பதிவுக்கு அனுமதி பெற்றது மட்டும் போதவில்லை; அடியில் இருந்த பாட்டின் உரிமை வேறு கையில் இருந்தது. வரி முழுக்கத் தங்கள் குழுவின் ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட் எழுதியதாக இருந்தும், பாடலாக்கத்துக்கான ராயல்டி முழுவதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் மனமுவந்து அதை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது 2019இல்தான்.

குழுவுக்குள்ளேயே மூளும் வழக்கு இதைவிடக் கசப்பானது. புரோகோல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு. ஆக்கியோர் என்று பாடகர் கேரி புரூக்கர், பாடலாசிரியர் கீத் ரீட் இருவர் பெயர் மட்டுமே போடப்பட்டது. கேட்டவர் மனத்தில் தங்கிய அந்த ஆர்கன் இசையை அமைத்து வாசித்த மேத்யூ ஃபிஷர் 2005இல் நீதிமன்றம் போனார். 2006இல் இசை உரிமையில் 40 சதவீதம் அவருக்கு என்று தீர்ப்பு. 2008இல் மேல்முறையீட்டில் பணம் இல்லை என்றார்கள். 2009இல் அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மறுபடியும் அவர் பக்கம் நின்றது. அப்படியும் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பணம் போனது போனதுதான். பாட்டு வெளியான வாரத்தில் ஒரு தாளில் நாலு வரி எழுதியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும்? ஒரு ஏ4 போதும். மேலே பாட்டின் பெயர், தேதி. கீழே வரிக்கு 50, மெட்டுக்கு 50 என்று பிரித்து, ஒவ்வொரு பாதிக்குள்ளும் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். சதவீதத்தை மட்டும் எழுதாமல் யார் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள்: பல்லவி மெட்டு இவர், இடையிசையில் திரும்பத் திரும்ப வரும் கிதார் இழை இவர், சரணத்தின் கடைசி இரண்டு வரி இவர். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரோடு எல்லாரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்ஸ் அடித்தவருக்கு மெட்டில் பங்கு உண்டா என்பதுதான் எப்போதும் சண்டை வருகிற இடம். வெறும் தாளம் பொதுவாக மெட்டாகக் கணக்கில் வராது, அவருக்கு வாசித்தவர் என்ற முறையில் நிகழ்த்துநர் உரிமை தனியே உண்டு. அமெரிக்காவின் ஆர்.ஈ.எம். குழு இந்த வம்பே வேண்டாம் என்று பாட்டுகளை நால்வர் பெயரிலும் போட்டது. நண்பர்களாகச் சேர்ந்து தொடங்கும் குழுவுக்கு எங்கள் யோசனையும் அதுவே. ஒருவர் விலகிப் போனாலும் பழைய பாட்டில் அவர் பங்கு அவருக்கே என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது தாள் ஒலிப்பதிவுக்கு. ஸ்டுடியோ வாடகையை ஒரு ஜவுளிக்கடையோ வெளியூர் உறவினரோ கொடுத்திருந்தால், 'தயாரிப்பாளர் நான்தான்' என்று பின்னால் அவர் சொல்ல இடமுண்டு. கொடுத்த தொகை அன்பளிப்பா, கடனா, உரிமைக்கான விலையா என்பதைப் பணம் வாங்கும்போதே எழுத்தில் வையுங்கள். நாதஸ்வரம், உறுமி வாசிக்க வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததோடு அவர்கள் பெயரும் அதில் இருக்கட்டும். பதிவு முடிந்து ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும்போது முடிந்த பாட்டை மட்டும் வாங்கி வராதீர்கள். குரல் இல்லாத மைனஸ் டிராக், தனித்தனி டிராக்குகள் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வாங்குங்கள். நாளை விளம்பரத்துக்கோ படத்துக்கோ கேட்டு வருபவர் முதலில் கேட்பது மைனஸ் டிராக்கைத்தான்.

கம்பெனி ஒப்பந்தம் வந்தால் காலம், நிலப்பரப்பு இரண்டையும் பாருங்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே. நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. அந்தச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 'எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்' என்று எழுதி வாங்கினாலும் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் ராயல்டிப் பங்கைப் பறிக்க முடியாது. ஒரே தொகை கொடுத்துக் கணக்கை முடிப்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மெட்டும் வரியும் எங்கிருந்து வந்தன என்பதிலும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் மென் அட் வொர்க் குழு 'டவுன் அண்டர்' பாட்டில் புல்லாங்குழலில் வாசித்த சிறு துணுக்கு, ஊரே பாடும் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு. அது 1930களில் ஓர் ஆசிரியை எழுதியது, உரிமை உயிரோடு இருந்தது. 2010இல் நீதிமன்றம் ராயல்டியில் 5 சதவீதத்தை, 2002இலிருந்து கணக்கிட்டுக் கொடுக்கச் சொன்னது. நம்மூருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வரும் கும்மி மெட்டுக்கு உரிமையாளர் கிடையாது. ஆனால் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் 2022இல்தான் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் எழுதிய வரிகளுக்கு 2082 முடியும் வரை காப்புண்டு. பாரதி வரிகள் எல்லாருக்கும் பொது. அதே வரிகளைச் சினிமாவில் வந்த மெட்டில் பாடினால் அந்த மெட்டுக்கு அனுமதி தேவை. கேசட்டிலிருந்து வில்லுப்பாட்டுத் துண்டை வெட்டி ஒட்டுவதற்கு இரண்டு அனுமதியும் தேவை.

லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஆயத்த ஒலித்துண்டு, விஷயமும் இதே கதைதான். இலவசமாகக் கிடைக்கும் பறை லூப்பைப் போட்டுப் பாட்டு முடித்து, ஒரே ஒலி எங்கே வந்தாலும் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் பதிந்தால், அதே லூப்பைப் பயன்படுத்திய இன்னொருவர் பாட்டின் மீது கோரிக்கை விழும்; அல்லது அவருடையது உங்கள் மீது விழும். பலரும் பயன்படுத்தும் லூப் உள்ள பாட்டைக் கன்டென்ட் ஐடிக்குக் கொடுக்கவே கூடாது என்பது விதி. நையாண்டி மேளம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாட்டில் லூப் எதற்கு? ஆளை வரவழைத்து வாசிக்க வையுங்கள். ஆனால் வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கண்டபடி ஏற்றாதீர்கள். பாட்டுக் கேட்கும் இணையத் தளமான ஸ்பாட்டிஃபை சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குத் தானே இறக்கிவிடும். உறுமியின் இழுவை நசுங்கியது மட்டுமே மிஞ்சும்.

வெளியிடும்போது, பாட்டை இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியது டபிள்யூ.ஏ.வி. ஒலிக்கோப்பு, 3000க்கு 3000 பிக்சல் அட்டைப்படம். படத்தில் போன் நம்பரும் இணைய முகவரியும் இருந்தால் திருப்பிவிடுவார்கள். நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. எனவே முகப்பு இசையை நீட்டாமல் இருபது விநாடிக்குள் குரல் வந்துவிடுவது நல்லது. ஓராண்டில் ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே பதிவு ராயல்டி இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் பன்னிரண்டு எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் விநியோக நிறுவனத்தை மாற்றும்போது அதே எண், அதே கோப்போடு ஏற்றாவிட்டால் சேர்ந்த எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும்.

இதெல்லாம் ஒலிப்பதிவுப் பணத்துக்கான வழி. வரி, மெட்டுக்கான பணத்துக்கு பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் மும்பையிலுள்ள ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் எழுதியவரும் இசையமைத்தவரும் தனித்தனியாக உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும். இங்கே பணம் தேங்குவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். ஓரிடத்தில் தலைப்பெழுத்து முன்னால், மற்றோரிடத்தில் பின்னால், மூன்றாவதில் செல்லப்பெயர் என்றிருந்தால் ஆள் ஒருவர்தான் என்று கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் உங்கள் பாட்டை மைக் செட்டில் போட்டால் ராயல்டி கேட்க முடியாது. சமயச் சடங்குக்கும் திருமணக் கொண்டாட்டத்துக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஹோட்டல் புத்தாண்டு நிகழ்ச்சிக்கு அந்த விலக்கு இல்லை.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. உள்ளூர்க் குழுவின் பாட்டைப் பற்றிச் செய்தி போடும்போது பாடியவர் பெயரோடு வரி எழுதியவர், மெட்டமைத்தவர், வாத்தியம் வாசித்தவர்கள் பெயரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கலைவிழா நடத்தும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளும் சொந்தப் பாட்டுப் போட்டிக்கான விண்ணப்பத்திலேயே பங்குத் தாளைக் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, மேடை இசைத் துறையினர் சிலர்,
பாளையங்கோட்டை.