பிரேக் பிடிக்கவில்லையா? ராடை முறுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நிறுத்தியிருந்த பழைய கார்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அந்தக் கார்களில் பிரேக் பேருக்குத்தான் இருக்கும் என்கிற மாதிரி போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பட்டறை வைத்து இந்த வண்டிகளிலேயே கை கறுத்தவன் நான். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் இருப்பது ராடு பிரேக்: பெடலை மிதித்தால் இரும்புக் கம்பிகள் (ராடு) சக்கரத்தில் இருக்கிற பிரேக்கை இழுக்கும். அது மோசமான பிரேக் இல்லை. கெடுத்து வைத்தது நாம். செவர்லே 1936-லேயே ஹைட்ராலிக்குக்கு, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற பிரேக்குக்குப் போய்விட்டது; ஹென்றி ஃபோர்டு 1939 மாடல் வரை அசைந்து கொடுக்கவில்லை. அதே ஃபோர்டின் இங்கிலாந்து கார் பிரிஃபெக்ட் 1953 வரை ராடோடுதான் வந்தது. நிற்காத வண்டியை அத்தனை வருஷம் விற்றிருக்க முடியுமா?

என்னிடம் வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வியாதி. பெடல் கீழே போகிறது என்று யாராவது அடியில் படுத்து, ராடின் நட்டைத் தளர்த்தி, நாலு சுற்று முறுக்கி நீளத்தைக் குறைத்திருப்பார்கள். அன்றைக்குப் பெடல் மேலே வந்துவிடும், ஓனரும் சந்தோஷமாகப் போவார். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற கிண்ணம்; அதன் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்துகிற பட்டைதான் லைனர். அது தேய்ந்து இடைவெளி விழுந்தது டிரம்முக்குள்ளே. சரி செய்ததோ வண்டியின் வயிற்றில். ராடு குட்டையானால் அது இழுக்கிற லீவர் முதலிலேயே பாதி தூரம் போய் நின்றுகொள்ளும். மிதிக்கும்போது ராடுக்குச் செங்குத்தான நிலையையும் தாண்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் நெம்புகிற பலம் குறைந்துகொண்டேதான் போகும்.

சமீபத்தில் 1946 ஆஸ்டின் 10 ஒன்று வந்தது. பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறது. ஓனர் முதலியார்பேட்டைக்காரர். “அண்ணே, ராடை இன்னும் ரெண்டு சுத்து முறுக்கிப் பாருங்க, சரிவரலைன்னா ஹைட்ராலிக்கா மாத்திடுங்க” என்றார். “முதல்ல பின்னைப் பார்ப்போம் சார்” என்று, ராடும் லீவரும் சேருகிற இடத்துப் பின்னை உருவிக் கையில் கொடுத்தேன். நேராக உருண்டு இருக்க வேண்டியது நடுவில் இடுப்பு வைத்திருந்தது. அது உட்காரும் துளையும் முட்டை வடிவம். ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லி, ஒரு மில்லி தேய்ந்தால் போதும், பெடலின் பாதிப் பயணம் அந்த லூசை எடுப்பதிலேயே தீர்ந்துவிடும். போதாததற்கு நம் ஊர் உப்புக்காற்று. கிரீஸ் காய்ந்து, பெடலின் இழுப்பை ராடுகளுக்குக் கடத்துகிற குறுக்குத் தண்டின் புஷ் துருவேறி இறுகியிருந்தது.

துளைகளை வெல்டு வைத்து அடைத்துத் திரும்பத் துளை போட்டோம். பின்களை லேத்தில் புதிதாகக் கடைந்தோம். வண்டி இடது பக்கம் இழுத்ததற்குக் காரணம் வலது முன் சக்கரம்: லைனரில் ஹப் கிரீஸ் ஊறிப்போய் அந்தப் பக்கம் பிடியே இல்லை. இப்படி ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டுகிறவர்கள் உண்டு. சூடேறினால் உள்ளே இருப்பது மறுபடி மேலே வரும். இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்துப் புது லைனர் அடித்தோம்.

அப்புறம்தான் அட்ஜஸ்ட்மென்ட். அந்த ஆஸ்டினில் கர்லிங் கம்பெனி பிரேக். ராடு ஓர் ஆப்பை இழுக்கும், ஆப்பு, லைனர் பதித்த ஷூக்களை விரிக்கும். ஷூக்களைத் தாங்குகிற பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலையோடு அட்ஜஸ்ட்டர் இருக்கும். நாலு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, அட்ஜஸ்ட்டரைச் சக்கரம் இறுகும்வரை முறுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, அந்த நிலையில் ராடின் நீளத்தைப் பார்க்க வேண்டும். ராடையும் லீவரையும் சேர்க்கிற பின்னை விரலால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும். சுத்தியல் கேட்டால் ராடு குட்டை. உள்ளே போனபிறகு ராடு தொளதொளத்தால் நெட்டை. ராடை முறுக்க வேண்டிய நேரம் அது ஒன்றுதான். பிறகு ஒவ்வொரு அட்ஜஸ்ட்டரையும் ஒரு கிளிக் பின்னுக்கு விட்டால் சக்கரம் தாராளமாகச் சுற்றும். அந்தக் கிளிக் ஸ்பேனர் பிடித்த கைக்குத் தெரியும். கடைசியாக, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்து லேசாக அமுக்கி வைத்து, சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். எது அதிகம் இறுகுகிறதோ அதைத் தளர்த்த வேண்டும். தளர்ந்ததை இறுக்கப் போனால் அது உரசிச் சூடாகும்.

கேப்பர் மலை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். நேர்க்கோட்டில் நின்றது. ஹைட்ராலிக் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

புது கார் மாதிரி நிற்கும் என்று சொல்ல மாட்டேன். காலுக்கு உதவுகிற பூஸ்டர் கிடையாது, கால் பலம்தான். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடி நிற்கும் தூரம் நாலு மடங்கு. முன்னால் போகிற ஆட்டோவை ஒட்டிக்கொண்டு போக முடியாது.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. ‘விஏ’ எழுத்து போட்ட அந்த வண்டிகளைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குச் சாலையில் ஓட்டலாம். பேரணி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: பெயின்ட்டுக்கும் குரோமியத்துக்கும் மார்க் போடும் முன், ஒவ்வொரு வண்டியையும் காலி மைதானத்தில் ஓட்டி, ஒரு தடவை நன்றாக பிரேக் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இழுக்கிற வண்டி ஓட வேண்டாம், நிறுத்திவைத்தே காட்டலாம். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகள் சாலையோரத்தில்தான் நிற்கிறார்கள்.

பட்டறைப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் வாயாலோ காற்று பிடித்தோ தூசியை ஊதாதீர்கள், நுரையீரலுக்குள் போகும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கார் மெக்கானிக்,
மஞ்சக்குப்பம், கடலூர்.