அணைக்கட்டுப் பெரியவர் ஏன் போனார்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே, காட்பாடி வெயிலில் பேனா பிடிக்கவே மனசு வரவில்லை.

விவசாயிகள் வாட்ஸாப் குழு என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். 1024 பேர், அதற்குமேல் சேர்க்க முடியாது. குழு நிரம்பிய அன்று நானும் மிதப்பில்தான் திரிந்தேன். அப்புறம் ஒருநாள் அணைக்கட்டுப் பக்கத்துப் பெரியவர் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே நம்ம முள்ளுக் கத்தரி, அதைக் காலமெல்லாம் பயிர் வைத்தவர்.

நேரில் போய்க் கேட்டேன். போனை விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார்: காலை வணக்கம், ரோஜாப்பூ, முருகன், மறுபடி காலை வணக்கம். நடுவில் ஒருவன் காய்த்துளைப்பானுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறான், இவரும் வாடித் தொங்குகிற குருத்தைக் கிள்ளி அழித்துவிடு, புழு அதற்குள்ளேதான் இருக்கும் என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார், அது அரைமணியில் ரோஜாப்பூக்களுக்குள் புதைந்துபோக மறுநாள் இன்னொருவன் அதையே கேட்கிறான். "எத்தினி வாட்டி தம்பி சொல்றது?"

நீ வயிறு வளர்த்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோதான் ஞாபகம் வந்தது, அதுதான் புரோகிராம் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற அந்த இணையதளம். ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008-ல் தொடங்கியபோதே இதற்கு வழி பண்ணிவிட்டார்கள்: ஓட்டு வாங்கிய பதில் மேலே நிற்கும், எந்தப் பதில் உதவியது என்று கேட்டவரே டிக் போடுவார். ஆனால் தரம் தரம் என்று புதிதாக வந்தவர்களை அங்கே விரட்டியதும் உண்மை, 2018-ல் அந்த நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. நம்ம ஊரில் முதல்முறை கேள்வி கேட்கிறவனை முறைத்தால் அவன் மறுபடி வாயே திறக்க மாட்டான்.

அதனால் யாரையும் அதட்டவில்லை. பயிருக்கு ஒரு குழுவாகப் பிரித்தேன், கேட்டவர் பலன் இருந்ததா இல்லையா என்று பத்து நாளில் வந்து சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். பாதிப்பேர் போய்விட்டார்கள், போகட்டும். குருத்தைக் கிள்ளியும் புழு நிற்கவில்லை என்று ஒரு அம்மா வந்து சொன்னார், அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறியும் வைக்க வேண்டும் என்று இன்னொருவர் சேர்த்தார், பதில் நல்லாகிவிட்டது.

பெரியவர் திரும்பி வந்துவிட்டார், அடுத்த புகாரோடு. எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லையாம், குரலில்தான் பேசுவாராம். சரி, குரல் பதிவுகளுக்குள் பழைய பதிலை எப்படித் தேடுவது? உனக்குத் தெரிந்தால் எழுது, இல்லையென்றால் அடுத்தமுறை வரும்போது லேப்டாப்பை எடுத்துவா. கத்தரிக்காய்க் குழம்பு என் பொறுப்பு.

உன்
பழைய பெஞ்சு மச்சான்